கழுத்து தொங்கிப்போன வாத்து: வெள்ளச்சி பிழைத்த விவரம்

கால் மடங்கி, இறக்கை விரிந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் தரையோடு தரையாகக் கிடக்கிற வாத்தைப் பார்த்தால், இது இன்றைக்குத் தாண்டாது என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் வெள்ளச்சியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவள் பிழைத்துவிட்டாள். பெரிய மருந்து எதுவும் இல்லை. தண்ணீர், நிழல், கழுத்துக்கு முட்டு, கண்ணுக்குச் சொட்டு, இவற்றை இரவு பகல் விடாமல் கொடுத்தோம், அவ்வளவுதான். வீட்டு வாத்துக்கு இது வந்தால் உடனே கைவிட்டுவிடுகிறார்கள், அறுத்தும் விடுகிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வீடு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமை அடுத்த ஆல்மாவில், வரிசையின் கடைசி மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை, அம்மாவின் முருங்கை, பண்டான் புதர், பின்னால் லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்). வெள்ளச்சி வெள்ளை பெக்கின் இனம், முட்டையிடுகிற பருவம், எடை 3 கிலோ. கூட ஒரு செராத்தி (மஸ்கோவி இன) வாத்தும் உண்டு, அது அப்போது கூண்டுக்குள் அடை காத்துக்கொண்டிருந்தது (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்). தீனி, முட்டைக் கோழிக்கான குச்சித் தீவனம், நறுக்கிய கங்கோங் கீரை, மிச்சச் சோறு. குளிக்க ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. மாலையில் கதவைத் திறந்துவிட்டால் லோங்காங் ஓரம் ஒரு சுற்று மேய்ந்துவிட்டு அம்மா கூப்பிட்டதும் திரும்பி வருவாள்.

தைப்பூசம் முடிந்த கையோடு பினாங்கில் வெயில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வாரக்கணக்கில் மழை இல்லை, பிற்பகலில் 33, 34 டிகிரி, லோங்காங்கில் ஓட்டம் நின்று அங்கங்கே கறுப்புக் குட்டைதான் மிச்சம். அப்படி ஒரு மாலையில் மேய்ச்சலுக்குப் போன வெள்ளச்சி திரும்பும் வழியில் ரெண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். தீனி வைத்ததும் சாப்பிட்டாள், ஆனால் நின்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தால் எழுந்திருக்கவே முடியவில்லை. இறக்கை ரெண்டையும் தரையில் ஊன்றித் துடுப்பு போடுகிற மாதிரி தள்ளித் தள்ளி அம்மாவிடம் வந்தாள். உச்சிவெயில் நேரத்துக்குள் கழுத்தும் போய்விட்டது. தூக்கிவிட்டால் நனைந்த துணிபோல ஒரு பக்கம் சாய்ந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இது தேறாதும்மா, உயிர் போறதுக்குள்ள அறுத்துடுங்க, வீணாப் போயிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், வளர்த்து வளர்த்து அறுத்துப் பழகிய கை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அண்ணே, அவ என்னைப் பார்க்கிறா. சாகப்போறது இப்படிப் பார்க்காது."

அம்மா சொன்னதில் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. உடம்பு முழுக்கத் துவண்டு கிடந்தாலும் வெள்ளச்சிக்கு நினைவு துளியும் மங்கவில்லை. குரல் கேட்ட பக்கம் கண் திரும்பியது, தட்டில் தீனி விழும் சத்தத்துக்கு அலகு லேசாக அசைந்தது. மூளைக்குள் ஏதாவது கோளாறு என்றால் கழுத்து முறுக்கிக்கொள்ளும், நடுக்கம் வரும், வட்டமடிக்கும், சுற்றி நடப்பதே தெரியாத மாதிரி கிடக்கும். இவளுக்கு முறுக்கலும் இல்லை, வெட்டியிழுப்பும் இல்லை, தளர்ச்சி மட்டும்தான். அதுவும் இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே அளவில், காலில் தொடங்கி இறக்கைக்கு ஏறி, அங்கிருந்து கழுத்துக்குப் போன தளர்ச்சி. இந்த வரிசையைத்தான் டாக்டர் பிற்பாடு திரும்பத் திரும்பக் கேட்டார். அதனால் உங்கள் வாத்துக்கு ஏதாவது என்றால் எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று நேரம் போட்டு எழுதி வையுங்கள்.

தொடுவதற்கு முன்பு ஒன்று செய்தோம், அது முக்கியம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டோம், தம்பியின் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. பறவைக் காய்ச்சல் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2004இல் கிளந்தானில் வந்தது, 2006இல் பினாங்கு வரைக்கும் வந்தது, 2017இல் மறுபடியும் கிளந்தானில். ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் திடீரென்று செத்தாலோ, தலை வீங்கி மூக்கில் சளி ஒழுகினாலோ வீட்டு வைத்தியம் என்ற பேச்சே கூடாது, கால்நடைச் சேவைத் துறைக்குத்தான் உடனே தகவல் போக வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு வாத்து, மூச்சில் சத்தமில்லை, மூக்கு சுத்தம், செராத்தியும் நன்றாகவே இருந்தது. அப்படியும் டாக்டர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் கவசத்தைக் கழற்றவில்லை.

முதலில் போன கிளினிக்கில் நாய் பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். பறவை பார்க்கிற டாக்டர் பட்டர்வொர்த் பக்கம் கிடைத்தார், போனில் முன்கூட்டியே அறிகுறிகளைச் சொல்லிவிட்டுத்தான் போனோம். அந்தப் பெண் டாக்டர் செய்த முதல் சோதனை இன்னும் கண்ணில் நிற்கிறது. பறவைகளுக்குக் கண்ணுக்குள் மூன்றாவதாக ஒரு இமை உண்டு, மெல்லிய சவ்வு, கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்காக ஓடும். கண்ணோரத்தை லேசாகத் தொட்டால் அது சட்டென்று பாய்ந்து கண்ணை மூடி, வந்த வேகத்தில் திரும்ப வேண்டும். வெள்ளச்சியின் கண்ணோரத்தைத் தொட்டார். சவ்வு பாதி தூரம் வந்து, அங்கேயே நின்று, அப்புறம் மெதுவாகப் பின்வாங்கியது. இதைப் பார்த்ததுமே டாக்டர் பொட்டுலிசம் (நஞ்சால் தசை தளர்ந்துபோகிற நோய்) என்று சந்தேகப்பட்டார்.

ஆனாலும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார், முட்டை அடைத்திருந்தால் கையில் தட்டுப்படும், வாத்து வாலை ஆட்டி முக்கும். இவளுக்கு வயிறு மெத்தென்று இருந்தது. தாமானில் (எங்கள் குடியிருப்பில்) கொசுப்புகை அடித்தார்களா, பூச்சிமருந்து தெளித்தார்களா என்று கேட்டார். அந்த வகை விஷமென்றால் வாயில் எச்சில் வழியும், தசை துடிக்கும், கண்மணி சுருங்கும். இவளுக்கு ஒன்றும் இல்லை. மீன்பிடிக்கிற ஈயக்குண்டை விழுங்கியிருக்கலாமே என்று ஒரு எக்ஸ்ரே எடுத்தார். இரைப்பையில் சின்னக் கற்கள்தான் தெரிந்தன, உலோகம் இல்லை. வாத்துப் பிளேக் என்றால் உடம்பு அனலாய்க் கொதிக்கும், ரத்தக்கழிச்சல் வரும், பல வாத்துகள் சேர்ந்து போகும். வெயில் தாக்கம் என்றால் வாய் திறந்து இளைக்கும். கடைசியில் மிஞ்சியது பொட்டுலிசம்தான். இதை ஆய்வகத்தில் உறுதி செய்ய ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து எலியில் சோதிக்க வேண்டும், எங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை. அறிகுறியும், மறுநாள் கிடைத்த தடயமும், அவள் தேறிய விதமும்தான் சாட்சி.

இது கிருமி உடம்புக்குள் புகுந்து பெருகி வருகிற காய்ச்சல் இல்லை, நஞ்சு. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சேற்றில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். காற்று புகாத, வெதுவெதுப்பான, அழுகுகிற இறைச்சி கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாத்துகளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் சி வகை நஞ்சு (மனிதர்களைப் பாதிப்பவை பொதுவாக ஏ, பி, ஈ வகைகள்). செத்த உடம்பில் நெளிகிற புழு அந்த நஞ்சைத் தின்று தன்னுள் சேர்த்துக்கொள்ளும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வாத்துக்கோ புழு என்றால் உயிர். நஞ்சேறிய புழு மூன்று நான்கு போதும், ஒரு வாத்தைச் சாய்த்துவிடும். நரம்பின் முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியே வரவிடாமல் இந்த நஞ்சு தடுக்கிறது. நரம்பு கூப்பிட்டாலும் தசைக்குக் கேட்காது. அதனால்தான் நினைவு தெளிவாக இருக்க, உடம்பு மட்டும் கிடக்கிறது. கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றால் சாவு. அதற்கு முன்பே தலையைத் தூக்க முடியாமல் விரல்கடை ஆழத் தண்ணீரில் மூழ்கிச் சாகிறவையும் நிறைய.

1910இல் அமெரிக்காவின் யூட்டா, கலிபோர்னியா ஏரிகளில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக இப்படிச் செத்தன. ஏரித் தண்ணீரின் உப்பும் காரமும்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள், 1930 வாக்கில்தான் பொட்டுலினம் நஞ்சு என்று தெரிந்தது. ஆனால் காரணமே தெரியாத அந்தக் காலத்திலேயே அலெக்சாண்டர் வெட்மோர் என்ற பறவை ஆய்வாளர், படுத்துக் கிடந்த வாத்துகளுக்கு நல்ல தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டே பலவற்றைப் பிழைக்க வைத்தார். நூறு வருடம் கழித்தும் வீட்டில் செய்யக்கூடியது அதுதான். எதிர்நச்சு ஊசி என்று ஒன்று உண்டு, எங்கள் டாக்டரிடம் அது இல்லை. நஞ்சு உடம்பைவிட்டு இறங்குகிற வரைக்கும் வாத்தைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம் என்றார்.

சரி, வீட்டுப் பராமரிப்புக்கு வருகிறேன். இதில் தண்ணீர் கொடுப்பதுதான் கத்திமேல் நடக்கிற வேலை. விழுங்க முடியாத வாத்தின் வாயில் தண்ணீரை ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். டாக்டர் மெல்லிய ரப்பர் குழாயும் 60 மில்லி சிரிஞ்சும் கொடுத்து, எங்களையே செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார். அலகைத் திறந்தால் நாக்கு தொடங்குகிற பின்பக்கத்தில் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும், அது மூச்சுத் துவாரம், அங்கே குழாய் போகக் கூடாது. வாத்தின் வலது பக்கமாக, நாக்குக்குப் பின்னால், துவாரத்தைத் தாண்டி இறக்க வேண்டும். அம்மா வெள்ளச்சியை மடியில் வைத்துக் கழுத்தை நேராக மேலே நீட்டிப் பிடிப்பார். நான் குழாயின் முனையை நனைத்து மெதுவாக இறக்குவேன். இறங்கும்போது கழுத்தின் வெளிப்பக்கம் விரலை வைத்தால் மூச்சுக்குழலின் வளையம் தனியாகவும் குழாய் தனியாகவும் ரெண்டும் கைக்குத் தட்டுப்படும். ரெண்டும் தெரிந்தால் மட்டும் தண்ணீர். ஒன்றுதான் தெரிகிறது என்றால் உருவி எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் டாக்டர் கொடுத்த உப்புச்சத்துப் பொடி கலந்து, சிரிஞ்சை அவசரப்படாமல் அழுத்துவோம். கொடுத்து முடித்ததும் குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே உருவ வேண்டும், இல்லாவிட்டால் முனையில் நிற்கிற துளி மூச்சுத் துவாரத்தில் விழும். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 30 மில்லி, தங்குகிறது என்று பார்த்து 50 வரை ஏற்றினோம். பறவைக்குப் பொதுவாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி தேவை, 3 கிலோ வாத்துக்கு 150. ஏற்கனவே வற்றிப்போயிருந்த கணக்குக்கு டாக்டர் அதற்கு மேலும் சேர்த்துச் சொன்னார். இதை எழுத்தில் படித்து மட்டும் யாரும் செய்ய வேண்டாம், ஒரு முறையாவது டாக்டர் முன்னால் செய்து பழகுங்கள். மூக்கில் குமிழி வந்தாலோ மூச்சில் களகள சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள்.

படுக்கை, பின்வாசல் நிழலில், காத்தாடியை நேராக அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து. டவலை வளையமாகச் சுருட்டி நடுவில் உட்காரவைத்தால் நெஞ்செலும்பு தரையில் அழுந்தாது. இன்னொரு டவலைச் சுருட்டிக் கழுத்துக்கு முட்டு, தலை எப்போதும் உடம்பைவிட உயரத்தில், அலகு லேசாகக் கீழ்நோக்கி. சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி வைப்போம். தண்ணீர்த் தட்டு எதுவும் எட்டுகிற தூரத்தில் இல்லை. இமை வேலை செய்யாததால் கண் காய்ந்து புண்ணாகும், அதற்கு உப்புநீர்ச் சொட்டும் களிம்பும். அப்புறம் ஈ. நம் ஊர் வெப்பத்தில் எச்சம் ஒட்டிய இறகில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்ட எச்சத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துடைத்துக் காயவைத்து, கொசுவலையைக் கவிழ்த்துப் போட்டோம். எறும்பு ஏறாமலிருக்கப் படுக்கைக் கூடையின் நான்கு காலடியிலும் தண்ணீர்க் கிண்ணம். அதை அம்மா யாரையும் கேட்காமல் தானே வைத்துவிட்டார்.

செய்யக் கூடாதது என்று டாக்டர் அழுத்திச் சொன்னவை ரெண்டு. வயிற்றைக் கழுவிவிட எப்சம் உப்பு, அதாவது கடையில் விற்கிற பேதி உப்பு, கொடுக்கச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். அதில் இருப்பது மக்னீசியம். நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தை அதுவும் மந்தப்படுத்தும், ஏற்கனவே நஞ்சு அடைத்து வைத்திருக்கிற இடத்தில் இன்னும் ஒரு பூட்டு. அதற்குப் பதிலாக முதல் நாள் மட்டும் அவர் சொன்ன அளவில் கரிப்பொடி கலந்து கொடுத்தோம், குடலில் மிச்சமிருக்கிற நஞ்சைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. ரெண்டாவது, தீவனக் கடையில் கிடைக்கிற ஆன்டிபயாட்டிக் பொடிகள். அவற்றில் சிலவற்றில் நியோமைசின் இருக்கும், அந்தக் குடும்பத்து மருந்துகளும் தசைத் தளர்ச்சியைக் கூட்டிவிடும். அதோடு, ஏற்கனவே உடம்பில் ஏறிவிட்ட நஞ்சை எந்த ஆன்டிபயாட்டிக்கும் முறிக்காது.

காரணத்தைக் கண்டுபிடித்தது தம்பி. அடை காக்கிற செராத்தி வெளியே போகவே இல்லை, அது நன்றாக இருக்கிறது, அப்படியானால் விஷயம் வீட்டுக்குள் இல்லை, தீவனத்திலும் இல்லை, லோங்காங் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு இறங்கித் தேடினான். சிமெண்டுப் பலகையின் அடியில் ஒரு உடும்பு செத்து ஊதிக் கிடந்தது, வயிற்றுப் பக்கம் முழுக்கப் புழு. சுற்றிலும் காய்ந்துகொண்டிருந்த சேற்றில் வாத்துக்கால் தடம் அப்படியே பதிந்திருந்தது, வந்து நின்று, திரும்பி, மறுபடியும் வந்த தடம். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். அதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது என்றார். கையுறை போட்டு, ரெட்டைப் பையில் கட்டி, அடியில் இருந்த சேற்றையும் வழித்து எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தான்.

ரெண்டாம் நாள் இரவுதான் மோசம். மூச்சு இழுக்கிற இடைவெளி நீண்டுகொண்டே போனது, அம்மா பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார். விடிந்தபோதும் அதே நிலைதான், ஆனால் அதைவிட மோசமாகவில்லை. அன்று மாலை கண்ணில் சொட்டு விடப் போனபோது மூன்றாம் இமை பாய்ந்து வந்து மூடியது. முதல் நல்ல செய்தி அதுதான். அப்புறம் கழுத்து, தூக்கி, ஆடி, விழுந்து, மறுபடி தூக்கி. விழுங்க வருகிறதா என்று அலகு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்து, சரியாக விழுங்குகிறாள் என்று தெரிந்த பிறகே குழாயை நிறுத்தினோம். ஊறவைத்த தீவனமும் மசித்த பச்சைப் பட்டாணியும் கொஞ்சம் கொஞ்சமாக. கால்தான் கடைசி. ரெண்டு எட்டு வைப்பாள், உட்கார்ந்துவிடுவாள். துணித் தொட்டிலில் கால் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு வேளைக்குச் சில நிமிடம் நிறுத்திவைத்தோம். ஒரு வாரத்துக்குள் தானாக நடந்தாள், நடை முழுதாகச் சீராக இன்னும் சில நாள் பிடித்தது. எடையில் கால் கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது, அது பிற்பாடு ஏறிவிட்டது. கழுத்து நன்றாக நிற்கிற வரைக்கும் குளியல் தொட்டியைக் கவிழ்த்தே வைத்திருந்தோம். எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும் இந்த விஷயத்தில் இளகக் கூடாது.

அங்கிள் வேலி ஓரமாக வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கங்கோங் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு முறை பிழைத்துவிட்டால் இனி வராது என்று நினைக்க முடியாது. சாய்க்கப் போதுமான நஞ்சின் அளவு அவ்வளவு கொஞ்சம், அதை எதிர்க்கிற சக்தி உடம்பில் நம்பும்படியாக உருவாவதில்லை. அதனால் வெயில் காலத்தில் மேய்ச்சலுக்கு விடுமுன் தம்பி பலகைகளைத் தூக்கிப் பார்த்துவிடுகிறான். லோங்காங்கில் ஓட்டம் நின்ற வாரங்களில் கதவே திறப்பதில்லை. குளியல் தொட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து நல்ல தண்ணீர் நிரப்புகிறோம். எலி, தவளை, மீன், எது செத்துக் கிடந்தாலும் புழு வைப்பதற்குள் கையுறையோடு எடுத்துவிடுகிறோம். குழாயையும் சிரிஞ்சையும் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் டாக்டரின் எண்ணையும் வாத்தின் எடைக்கான தண்ணீர் அளவையும் அம்மா எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.